அந்த முள்கம்பி படத்திலேயே இருக்கட்டும்

நம் வட்டாரத் தோட்டங்களுக்கு நினைவு மலர் தயாரித்துக்கொண்டிருக்கும் குழுவினருக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் ஊர்ப் படக்காரன் எழுதும் மடல். அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் குழுவிலிருந்து ஒரு தம்பி எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் கொடுத்த பழைய குடும்பப் படம் மலரின் முன்பக்கங்களில் வரப்போகிறது என்று அவர் சொன்னபோது மனசு நிறைந்துபோனது. அதைத் தொடர்ந்து இப்படிச் சொன்னார்: "பின்னாடி ஒரு முள்கம்பி வேலி தெரியுதுண்ணே. பார்க்க ஜெயில் மாதிரி இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டு, மரம் மாதிரி ஏதாச்சும் போட்டுக் குடுத்துடுங்க. ஏஐல ரெண்டு நிமிசம்தானே?"

இரண்டு நிமிடம்கூட ஆகாது. கல்யாணப் படங்களில் மின்கம்பியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். கேட்டவர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் அது உறுத்தியதில்லை. இந்த வேலியை எடுக்க மட்டும் கை வரவில்லை. ஏன் என்று தம்பியிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், கோர்வையாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வேறு ஊர்களிலும் இப்படி மலர்கள் தயாராகின்றன, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன்.

முதலில் அந்தப் படத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கை அளவுதான். ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டியிருக்கும். பின்னால் பென்சிலில் 1953 என்று எழுதியிருக்கிறது. அப்பாயி நிற்கிறார், இடுப்பில் என் பெரிய அத்தை. தாத்தா வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு விறைப்பாக நிற்கிறார். நீங்கள் பார்த்தது இவ்வளவுதான். என் ஸ்கேனரில் பெரிதாக்கிப் பார்த்தால் அவர்களுக்குப் பின்னால் ஐந்து வரிசைக் கம்பி தெரிகிறது. மூன்றாவது வரிசையில் ஒரு துணி காய்கிறது, குழந்தைத் துணியாக இருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. லாலான் புல்கூட மழித்துக் கிடக்கிறது. அதற்கும் அப்பால்தான் பால்மர நிரை, அதாவது ரப்பர் மர வரிசை, தொடங்குகிறது.

அந்த வெட்டவெளியை யாரும் அழகுக்காக உண்டாக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியோடு சண்டை போட்டுக் காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுகளில் ஒரு ஆள் வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மரத்தை வெட்டி வைத்த இடம் அது. படம் எடுத்தவருக்கு அதெல்லாம் நினைப்பில் இருந்திருக்காது. சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிய படக்காரர், முகம் நன்றாக விழுந்தால் போதும் என்று அமுக்கியிருப்பார். ஆனால் அந்தக் காலத்து நிலத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே படம் இதுதான். முகங்களுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக.

இன்னொரு படமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது அப்பாயியின் பழைய அடையாள அட்டை. அந்தச் சண்டைக்காக 1948இல் அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் தொடங்கியபின் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பெயரைப் பதிந்து, படமும் கைரேகையும் உள்ள அட்டையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அப்பாயியின் முகம் முதன்முதலில் படத்தில் விழுந்தது அப்போதுதான். கல்யாணத்துக்கு எடுக்கவில்லை, திருவிழாவுக்கு எடுக்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதற்காக எடுத்தார்கள். நம் ஊரில் எத்தனை வீடுகளில் மூத்தவர்களின் முதல் படம் இந்த அட்டைப் படமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாலை போட்டு மாட்டியிருக்கும் சில படங்கள்கூட அதிலிருந்து பெரிதாக்கியவைதான். அந்த வேலையை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

முகத்தைப் படம் எடுத்த கதை இது. நிலத்தைப் படம் எடுத்த கதை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் மண்ணை முதலில் ஊன்றிப் பார்த்துப் படம் எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆவது பிரிவினர். சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்து மலாயாக் காடுகளை மேலேயிருந்து துண்டு துண்டாகப் படம் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம், பிரிட்டிஷ் விமானப்படைக்காகக் கடைசியாகப் போர்ப்பணியில் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று, ஜொகூர்க் காட்டின் மேல். குண்டு போட அது வரவில்லை, படம் எடுக்க வந்தது. மொஸ்கிட்டோ விமானத்தின் கடைசிப் போர்ப்பணியும் 1955 டிசம்பரில் இதே மலாயாவில், இதே படம் எடுக்கும் வேலைதான். காட்டுக்குள் எங்காவது மரவள்ளியோ கீரையோ பயிரிட்ட வெளிச்சத் திட்டு தெரிகிறதா என்று அந்தப் படங்களில் தேடினார்கள். தெரிந்தால் அங்கே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அப்படிக் கண்டுபிடித்த பயிர்களின் மேல் மருந்து தெளித்து அழித்ததும் உண்டு.

இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து "இயற்கைக் காட்சி" என்ற சொல்லை என்னால் முன்போல் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. நம் மண்ணில் அந்தக் காட்சி ஒரு காலத்தில் ஆயுதமாக இருந்திருக்கிறது.

சரி, அந்தக் காலம் எப்படித் தொடங்கியது என்று மலரில் இரண்டு வரி போட்டிருப்பீர்கள். தொடங்கியதே நம் ஊரில்தானே. 1948 ஜூன் 16 காலை, எல்ஃபில் தோட்டத்தில் மானேஜர் ஆர்தர் வாக்கர் அவருடைய ஆபீசிலேயே சுடப்பட்டார். சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருக்கு உதவியாக இருந்த இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், ஜூன் 18 அன்று, மலாயா முழுவதும் அவசரகாலம் என்று அறிவித்தார்கள். அது முடிய 1960 ஜூலை 31 ஆனது. பன்னிரண்டு வருடம். ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்பு முடிக்கும் காலம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் 16 காலை, கேமராவை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துப் பக்கம் போனேன். எட்டரை மணிக்கு நடந்தது என்று படித்திருந்ததால் எட்டரைக்கே போய் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். வெளிச்சம் நான் நினைத்தபடி இல்லை, ரொம்பத் தாழ்வாக இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நம் தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். 1948இல் எட்டரை என்றால் இன்றைய கடிகாரத்தில் ஒன்பது. இன்னும் அரைமணி நேரம் நின்றேன். ஒன்பதுக்குத் தித்திவங்சா மலைப் பக்கமிருந்து வெயில் நன்றாக ஏறி, என் நிழல் என்னைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் சாலையின் குறுக்கே விழுந்தது. அந்தக் காலையில் ஆபீஸ் வாசலில் நின்ற கிராணியின், அதாவது குமாஸ்தாவின், நிழலும் ஏறக்குறைய இந்த நீளம்தான் இருந்திருக்கும். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாலை, சரளைக்கல், நிழல். ஆனால் அந்த அரைமணி நேரம் நான் நின்ற நிலை வேறு மாதிரி இருந்தது. பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் காதில் அந்தச் சத்தம் விழுந்திருக்கும். வெடி என்று நினைத்திருப்பார்களா? பால் வடியும் மங்கைத் துடைத்த கை அப்படியே நின்றிருக்குமா?

இப்படிப் படம் எடுப்பது நான் கண்டுபிடித்த வழி இல்லை. குளோயி டியூ மேத்யூஸ் என்ற ஆங்கிலேயப் படக்கலைஞர், முதல் உலகப் போரில் கோழை என்றும் ஓடிப்போனவன் என்றும் சொல்லித் தங்கள் படையே விடியற்காலையில் சுட்டுக் கொன்ற சிப்பாய்களின் இடங்களைத் தேடிப் போனார். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அதே இடம், ஏறக்குறைய அதே நேரம், அதே பருவம். படங்களில் தெரிவதெல்லாம் பனி மூடிய வயலும் சுவரும்தான். நமக்கு இன்னும் பக்கத்தில் சிங்கப்பூரின் சிம் சி யின் இருக்கிறார். அவருடைய தாத்தா பத்திரிகைக்காரர். அவசரகாலத்தில் மலாயாவிலிருந்து சீனாவுக்கு நாடு கடத்தப்பட்டு 1949இல் அங்கே கொல்லப்பட்டார். குடும்பத்தில் பல பத்து வருடம் அவரைப் பற்றிப் பேசவே இல்லை. பேத்திதான் அந்தச் சண்டை நடந்த காடுகளையும் தோட்டங்களையும் படம் எடுத்து அந்த மௌனத்தைத் திறந்தார். நம் வீடுகளிலும் அந்த மௌனம் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாததா? "அந்தக் கதைய ஏன்டா கேக்குற" என்று அப்பாயி எத்தனை முறை வாயை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு முறை பேசினார், நான் கல்லூரியில் சேரப் போகும்போது. பழைய லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, எல்லாரையும் கிளப்பி ஒரே இடத்தில் குடிவைத்து வேலி போட்டது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து வேலைக்குப் போகும்போது வேலி வாசலில் சோதித்தது, சோற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தது, எல்லாம் சொன்னார். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்களாம், சேர்த்து வைக்க முடியாதபடி. "காலைல குடிச்ச கஞ்சிதான். பால எடுத்துத் திரும்புறதுக்குள்ள கண்ணு இருட்டிட்டு வரும்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். ஒரு விடியற்காலை நிரைக்குள் போனால் மரங்களில் எல்லாம் பட்டை தாறுமாறாக வெட்டுப்பட்டுக் கிடந்ததாம். ராத்திரியில் காட்டுக்காரர்கள் வந்து துரையின் மரங்களைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பால் வழிந்து தரையெல்லாம் வெள்ளையாக இருந்ததாம். "எம் மரத்த எப்படிக் கொத்திருந்தானுங்க" என்று சொல்லும்போது அப்பாயி அழுதார். துரையின் மரம் என்று அவர் சொல்லவில்லை. என் மரம் என்றார்.

அந்த மரம் எங்கே என்று தேடிப் போனால் கிடைக்காது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற நாடுகளில் சண்டை நடந்த இடத்துக்குப் படக்காரன் போனால், அன்று நின்ற மரம் இன்றும் நிற்க வாய்ப்பு உண்டு. தோட்டத்தில் அந்த வாய்ப்பே கிடையாது. பால்மரத்துக்கு வயது இருபத்தைந்து, முப்பது வருடம். பால் வற்றினால் சாய்த்துவிட்டு மறுநடவு. பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, அதற்கும் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம்தான், உயரம் போய்விட்டால் சாய்த்துவிடுவார்கள். ஆக 1948இல் நின்ற நிரை போய், இன்று அங்கே இரண்டாவதோ மூன்றாவதோ தலைமுறை மரம் நிற்கிறது. ஒவ்வொரு நடவிலும் மண்ணைப் புரட்டி, வடிகாலை மாற்றி, புதிதாக எல்லாம் போடுகிறார்கள். தோட்டம் என்பதே தன் நினைவைத் தானே உழுதுவிடும் நிலம். அதற்கு மேல் இப்போது வீடமைப்புத் திட்டங்கள் வேறு.

மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். கோயில் அரசமரம் இருக்கும், அதைச் சாய்க்க யாரும் துணிய மாட்டார்கள். துரை பங்களாவின் பழைய மழைமரம் சில இடங்களில் இருக்கும். அப்புறம் கறிவேப்பிலை. போன வருடம் ஒரு செம்பனை பிளாக்குக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஓலை விழுந்து மக்கிய இருட்டில் ஒரு வாசனை. குனிந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடிகள், ஒரு வரிசையாக. பக்கத்தில் காலால் ஓலையைத் தள்ளினால் சிமெண்டுப் படி ஒன்று, இரண்டு ஆள் உட்காரும் அகலம், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. லயம் இருந்த இடம். கம்பெனியின் வரைபடத்தில் அதற்கு ஒரு எண்தான் இருக்கும். இங்கே தமிழர்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று அந்தச் செடிக்கு மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தையும் உங்களுக்கு அனுப்பியிருந்தேன். "செம்பனைக் காடு நிறைய பேருக்குச் சலிப்பாக இருக்கும்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அதற்குப் பதிலாக ஏரியில் பனி எழும் படத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தப் பனிப் படத்தை நான்தான் எடுத்தேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். பனி இருக்கும்போது எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது பாதியை மூடிவிடுகிறது. வேலி இருந்த இடம், லயம் இருந்த இடம், புதைத்த இடம் எதுவும் அதில் தெரியாது. நினைவுக்காக எடுப்பதென்றால் காலை ஒன்பது, பத்து மணி வெயில் வேண்டும். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

கல் என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும், இந்த வேலி விஷயத்துக்கு அதுதான் சரியான பதில். 1855இல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர், பள்ளத்தாக்கில் ஒரு மண்சாலையைப் படம் எடுத்தார். உலகத்தின் முதல் போர்ப் படங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். பிணம் இல்லை, படை இல்லை. சாலை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். பிற்பாடு பார்த்தால் அதே இடத்தில் கேமராவை நகர்த்தாமல் எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. அதில் சாலை காலியாக இருக்கிறது, குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. அப்படியென்றால் குண்டுகளைப் படத்துக்காகச் சாலையில் எடுத்துப் போட்டார்களா, அல்லது பள்ளத்தில் ஒதுக்கினார்களா? எது முதல் படம்? நூற்றைம்பது வருடம் கழித்தும் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தது ஓரத்தில் கிடந்த சில சின்னக் கற்கள். ஒரு படத்தில் மேலே இருந்த கற்கள் மற்றதில் கொஞ்சம் கீழே உருண்டிருந்தன. கல் மேட்டில் ஏறாது, இறங்கத்தான் செய்யும். ஆக, காலிச் சாலைதான் முதல் படம், குண்டுகள் நிறைந்த படம் அடுத்தது.

ஃபென்டன் அந்தக் கற்களைக் கவனித்திருக்கவே மாட்டார். எடுத்தவன் கவனிக்காத மூலைதான் பிற்காலத்தில் சாட்சி சொல்கிறது. அப்பாயிக்குப் பின்னால் இருக்கும் ஐந்து வரிசைக் கம்பியும் அப்படித்தான். இன்று உங்களுக்கு அது படத்தின் கறையாகத் தெரியலாம். ஐம்பது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்து, வேலிக்கும் லயத்துக்கும் எத்தனை அடி, எந்தப் பக்கம் காடு, துணி காயப்போடக்கூட அந்தக் கம்பியைத்தான் நம்பியிருந்தார்களா என்று கேட்பார்கள். ஏஐ அங்கே ஒரு மரத்தை நட்டுவிட்டால் அவர்களுக்கு நாம் பொய் சொன்னதாகும். அதுவும் அந்த இடத்தில் மரம். மரமே இருக்கக் கூடாது என்று வெட்டி வைத்த இடத்தில்.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. குழுவில் மூத்த ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார்: "பழசைக் கிளறுனா யாராவது மனசு நோவாங்க தம்பி. சீனங்க படிப்பாங்க, மலாய்க்காரங்க படிப்பாங்க." ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நோகாதவர் யார் என்று சொல்லுங்கள். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலி பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் கையில் ஆயுதம் இல்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. அவர்கள் சீனர்கள், நம்மைப்போல் தோட்டத்தில் உழைத்தவர்கள். அவர்களுடைய குடும்பங்கள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போயும் 2015இல் விசாரணை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி பிரிக்ஸ் போட்ட திட்டத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைக் கிளப்பி நானூறுக்கும் மேற்பட்ட புதுக் கிராமங்களில் வேலிக்குள் வைத்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். நம் ஊருக்குக் கிழக்கே மலையில் இருந்த தெமியார் பழங்குடி மக்களையும் விடவில்லை. காவலுக்கு நின்ற மலாய்ப் பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பவில்லை. நம்மவர்களும் ஒரே பக்கம் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதே வருடங்களில் தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி பிடித்த தமிழர்களும் உண்டு. முகத்தைப் போட்டு இவன் செய்தான், அவன் செய்தான் என்று எழுதினால் சண்டை வரலாம். நிலத்தின் படம் யாரையும் விரல் நீட்டிக் குற்றம் சொல்லாது. இங்கே நடந்தது என்று மட்டும் சொல்லும். எல்லாரும் சேர்ந்து பார்க்க அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

புடு சிறை என்றேனே, அதன் நீண்ட மதில் 2010இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே வணிக வளாகமும் அடுக்குமாடிகளும். பழைய வாசல் மட்டும் நிற்கிறது. மதில் எப்படி இருந்தது என்று இப்போது பார்க்க வேண்டுமென்றால் படத்தில்தான் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் இடிக்கும் முன்னால் சாலையோரம் நின்று அமுக்கியதால்தான் அதுவும் இருக்கிறது.

நம் பழைய மரபில் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு, விழுந்த இடத்தில் கல் நட்டு, பேரும் செயலும் எழுதி வைத்தார்கள். ஜூன் 16இல் இறந்த அந்த மூன்று துரைமார்களுக்கும் பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் கல் இருக்கிறது, வருடா வருடம் மரியாதையும் செய்கிறார்கள். அது நியாயம்தான். எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களும் அதற்கு முன்னால் ஜப்பான்காரன் காலத்தில் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்தவர்களில் நம்மவர்கள் பெரும்பாலானோருக்குப் பேர் எழுதிய கல் கிடையாது. அவர்கள் லாரி ஏறிய பெரட்டுக் களம் மட்டும் எங்கள் தோட்டத்தில் இருந்தது. பெரியவர்கள் கை நீட்டிக் காட்டிய இடம், இப்போது செம்பனை நாற்று வைத்திருக்கிறார்கள். அதையும் படம் எடுத்திருக்கிறேன்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இதுதான். அப்பாயியின் படத்தை வெட்டாமல், திருத்தாமல், ஓரத்துப் பல்லோடு போடுங்கள். வேலியைப் பற்றி அடியில் ஒரு வரி எழுதுங்கள். மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள், ஆள் இல்லாத நிலத்துக்கு: பெரட்டுக் களம், பழைய லயங்கள், வேலி வாசல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், இடுகாடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தோட்டத்தின் பேர், பிளாக் எண், எந்தத் திசை பார்த்து எடுத்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் அந்த இடத்தைக் காட்டினார்கள் என்று இருக்க வேண்டும். திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த இரண்டையும் எழுதாமல் விட்ட படம் இருபது வருடத்தில் வெறும் பச்சையாகிவிடும். யாராலும் இது எந்த இடம் என்று சொல்ல முடியாது. என் அலமாரியிலேயே அப்படி இருநூறு படம் இருக்கிறது. எடுத்தவன் நான், எங்கே எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வேதனையில்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பெரிய கேமரா வேண்டியதில்லை, போனே போதும். கண் உயரத்தில் பிடியுங்கள், அகலமாக்கி வளைக்காதீர்கள், நிறத்தைக் கூட்டாதீர்கள். நின்ற இடத்தில் ஒரு அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொருவர் அதே இடத்தில் நின்று எடுக்கலாம். முக்கியமாக, கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். 1948இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர்கள் காரிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் திணறி, பிறகு கோயில் மரத்தை வைத்துக் கணக்குப் போட்டு "இங்கதான்" என்று காலால் தட்டுவார்கள் பாருங்கள், அந்த இடத்தில் அமுக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் காரை எடுக்கிறேன். பழைய தோட்டத்து அத்தை ஒருவர் வேலி வாசல் இருந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வயது எண்பத்தொன்பது, ரொம்ப தூரம் நடக்க முடியாது, அதனால் நாற்காலி ஒன்று வேண்டும். குரல் பதிவு அனுப்பிய தம்பி கட்டாயம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. அப்பாயியின் படம், பெரிய அளவில் ஸ்கேன் செய்தது, இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது கம்பியில் காயும் துணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் படக்காரன்